பகடை விழுந்தால் சம்மதமா?

ஜனவரி 15. லோயர் கேம்ப் பென்னிகுவிக் மணிமண்டபத்தில் காலையிலிருந்தே கூட்டம். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, 1895இல் இந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்ட மனிதருக்குப் பிறந்தநாள். கம்பம், கூடலூர் பக்கத்து விவசாயிகள் பொங்கல் வைத்து மாலை போட்டுவிட்டுக் கலைந்த பிறகு நான் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். மின்வாரியக் குடியிருப்பில் பழைய வீடு. வாசலில் நின்றால் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். தேக்கடியில் சுரங்கத்துக்குள் நுழையும் தண்ணீர் அந்தக் குழாய்கள் வழியாக விழுந்துதான் கீழே மின்சாரமாகிறது.

கூடத்தில் பாய் விரித்து ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கல்லூரி முடித்தவர்கள், அல்லது கடைசி வருடம். நடுவில் எவர்சில்வர் தட்டில் முறுக்கு, ஒரு கொத்து பன்னீர் திராட்சை, பென்சில்கள், தாள்கள், கண்ணாடிக் கல் மாதிரி பல முகம் வைத்த பகடைகள். ‘டி அண்ட் டி’ ஆடுகிறோம் என்றான் தம்பி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்ட விளையாட்டு. இதில் காய் நகர்த்துவது கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ‘நான் இதைச் செய்கிறேன், இப்படிப் பேசுகிறேன்’ என்று வாயாலேயே ஆடுவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் பார்த்தும், ஊரடங்கில் போனில் கூடியும் நம் பிள்ளைகள் பலர் இதைப் பழகிக்கொண்டார்கள்.

தம்பிதான் அன்றைக்குக் கதை நடத்துகிறவன். குமுளி மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு போகும் கூட்டம், வழிப்பறி, இரவில் ஒரு சாவடி. கதை நன்றாகத்தான் போனது. சமையலறை வாசலில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். வீரன் வேடம் எடுத்திருந்த பையன் திடீரென்று சொன்னான்: “ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் நான் வைத்தியச்சி ரூமுக்குப் போறேன்.”

வைத்தியச்சி, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பாத்திரம். அவள் சிரித்து மழுப்பி, “கதவு சாத்தியிருக்கு” என்றாள். “சரி, பேசி மயக்குறேன்” என்று அவன் பகடையை உருட்டினான். பாயில் உருண்டு திராட்சைத் தட்டில் முட்டி நின்றது. “பதினெட்டுடா! மடக்கிட்டேன்!”

இரண்டு பேர் கைதட்டினார்கள். அவள் தன் தாளைப் பார்த்தபடி இருந்தாள். ஓரத்தில் பென்சிலால் வைத்தியச்சியின் மூலிகைப் பையை வரைந்து வைத்திருந்தாள், ஒவ்வொரு இலையும் தனித்தனியாக. அதன் மேலேயே பென்சிலை அழுத்தி அழுத்திக் கோடு போட ஆரம்பித்தாள். பிறகு எழுந்தாள். “அம்மா தேடுவாங்கக்கா, கிளம்புறேன்.” அப்போது மணி ஐந்தரைதான்.

அந்தப் பையன் கெட்டவனில்லை. சிறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். தான் என்ன செய்தோம் என்பதே அவனுக்கு விளங்கவில்லை. “விளையாட்டுதானேக்கா” என்று என்னிடம் கேட்டான். இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவள் சரியென்ற பிறகே எழுதுகிறேன்.

பகடைக்கு எவ்வளவு அதிகாரம்?

பகடை பூட்டைத் திறக்கலாம், பாலத்தைத் தாண்ட வைக்கலாம். கதை நடத்துகிறவன் கையில் இருக்கும் சுங்கக்காரனைப் பேசி மசிய வைக்கலாம். இன்னொரு ஆட்டக்காரரின் பாத்திரம் யாரை விரும்புகிறது என்பதைச் சொல்லும் அதிகாரம் மட்டும் அதற்குக் கிடையாது. ஏனென்றால் அந்தப் பாத்திரத்துக்கு என்று தனியாக ஒரு மனம் இல்லை. பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மனம்தான் அதற்கும் மனம். வைத்தியச்சியின் கதவைத் திறந்தவன் அவளைக் கேட்காமல் அவள் மனத்தைத் திறக்கப் பார்த்தான்.

இந்தச் சிக்கல் மேலை நாடுகளிலும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 2003ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘புக் ஆஃப் எராடிக் ஃபேன்டஸி’ என்று, காமத்துக்கென்றே விதிகளும் அட்டவணைகளும் அடுக்கிய தடிப் புத்தகம் ஒன்று அமெரிக்காவில் வந்தது. அதே ஆண்டில் ரான் எட்வர்ட்ஸ் என்ற வடிவமைப்பாளர் தன் ‘செக்ஸ் அண்ட் சார்சரி’ நூலில் இரண்டே இரண்டு சொற்களை வைத்தார். ஒன்று கோடு, மற்றொன்று திரை. எது இந்தக் கதைக்குள் வரவே கூடாதோ அது கோட்டுக்கு அப்பால். எது கதையில் நடக்கலாம், ஆனால் விவரிக்கக் கூடாதோ அது திரைக்குப் பின்னால். ஆடத் தொடங்கும் முன்பே எல்லோரும் பேசி இவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். அட்டவணைப் புத்தகத்தை இன்று தேடுவார் அதிகமில்லை. கோடும் திரையும் உலகமெங்கும் மேசைகளில் புழங்குகின்றன.

பின்னால் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் ‘எக்ஸ் கார்டு’ கொண்டுவந்தார். ஒரு சீட்டில் ‘எக்ஸ்’ என்று எழுதி நடுவில் வைப்பார்கள். மனசுக்கு ஒப்பாதது வந்தால் யாரும் அதைத் தொடலாம். காரணம் கேட்கக் கூடாது, அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டு மேலே போக வேண்டும். 2019இல் மான்ட்டி குக் கேம்ஸ் நிறுவனம், ஆட்டத்தில் சம்மதம் பற்றி ஒரு சிறு கையேட்டை இலவசமாகவே வெளியிட்டது. எதெது வேண்டும், எதெது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் குறித்துக் கொடுக்கும் படிவம் அதில் இருக்கிறது.

காதலே வேண்டாம் என்பவர்கள் இல்லை இவர்கள். எமிலி கேர் பாஸ் 2005இல் ‘பிரேக்கிங் தி ஐஸ்’ என்று ஓர் ஆட்டம் செய்தார். இருவர் மட்டும் ஆடுவது, புதிதாகப் பழகும் இருவரின் முதல் மூன்று சந்திப்புகள்தான் முழுக்கதையும். அலெக்ஸ் ராபர்ட்ஸின் ‘ஸ்டார் கிராஸ்டு’ இன்னும் அழகு. ஒருவரை ஒருவர் விரும்பியும் சேர முடியாத இருவர். நடுவில் மரக்கட்டைக் கோபுரம். மனம் நெருங்க நெருங்கக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும், கோபுரம் சரிந்தால்தான் சொல்லாத காதல் வெளியே வரும். கை நடுங்குகிற நடுக்கமே காதலின் நடுக்கமாகிவிடுகிறது. 2019இல் டயானா ஜோன்ஸ் விருது இதற்குத்தான் கிடைத்தது. இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். காதல் கதைதான் ஆடப்போகிறோம் என்று தெரிந்தே இருவரும் வந்து உட்காருகிறார்கள். பாதி ராத்திரியில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை.

ஒத்திகை இல்லாத காதல்

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று கேட்கிறவர்களைக் கம்பம் பள்ளத்தாக்குத் திருவிழா ஒன்றுக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறேன். எனக்கு எட்டு வயதில் பார்த்த ‘வள்ளி திருமணம்’ இன்னும் கண்ணில் இருக்கிறது. அத்தை மடியில், பெண்கள் பக்கத்தில், சணல் சாக்கின் மேல் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தது.

ஸ்பெஷல் நாடகம் என்று சொல்கிறோமே, அது உலகத்திலேயே அபூர்வமான ஏற்பாடு. கம்பெனி கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் ஓர் ஊர், ஆர்மோனியம் ஓர் ஊர். ஏஜென்ட் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார். ராத்திரி பத்து மணிக்கு மேடைக்குப் பின்னால் முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான் பல நேரம் இன்றைக்கு யாருக்கு யார் ஜோடி என்பது உறுதியாகத் தெரியும். அப்புறம் விடியும் வரை வேலனும் வள்ளியும் காதலித்து, வாதாடி, கல்யாணம் முடிக்க வேண்டும். வசனத்தில் பெரும்பகுதி அந்த நேரத்தில் வாயில் வருவதுதான். பாத்திரமேற்று, நினைத்த மாத்திரத்தில் பேசி ஆடுவதில் லோயர் கேம்ப் பாயில் உட்கார்ந்தவர்களுக்கு இவர்கள் பாட்டன் பாட்டி முறை.

அறிமுகமே இல்லாத ஆணும் பெண்ணும் ஆயிரம் பேர் முன்னால் காதல் காட்சி ஆடுவது எப்படி முடிந்தது? விதி இருந்தது. எழுதப்படாவிட்டாலும் எல்லோருக்கும் தெரிந்த விதி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுவைத்த கதைப்போக்கும் பாட்டுகளும் இருவருக்கும் பொதுச் சொத்து. எங்கே அவன் நெருங்குவான், எந்த அடியில் அவள் விலகுவாள், எங்கே தர்க்கம் தொடங்கும் என்பது அந்தப் போக்கிலேயே இருக்கிறது. வள்ளி வாயடைத்துப்போகிற பாத்திரம் இல்லை. நாரதரோடு மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிறவள். வேலனுக்கும் சொல்லுக்குச் சொல் பதில் வைத்திருப்பாள். என் அத்தை போன்ற பெண்கள் விழித்திருந்து பார்த்தது அந்தப் பதில்களுக்காகத்தான்.

முதல் பாதியின் காமெடியில் கதை வேறு. பபூனும் டான்ஸ் பெண்ணும் பேசுவதில் பச்சை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. பபூன் தனியாக நின்று ஏதாவது சொல்லக் கூசுகிற கதையை அவிழ்க்கும்போது, கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார். பக்கவாட்டில் திரும்பி ஆர்மோனியக்காரரிடம் ‘அண்ணே’ என்று ஆரம்பிப்பார். இரண்டு ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பெண்கள் கூட்டம் எதேச்சையாகக் கேட்டதுபோல ஒரு பாவனை. சூசன் செய்சர் என்ற அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி, இந்தப் பாவனையைக் கூர்ந்து எழுதியிருக்கிறார். ரான் எட்வர்ட்ஸ் சொன்ன திரையை நம் பபூன் தோளைத் திருப்பியே போட்டுவிடுகிறார்.

ஆனால் அந்தத் திரை டான்ஸ் பெண்ணைக் காக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2005இல் வந்த செய்சரின் புத்தகத்துக்குப் பெயரே ‘தமிழ் மேடையின் களங்கங்கள்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. மேடையில் அவள் ஆடியதை வைத்து வீட்டுக்குப் போனபிறகும் அவளை எடைபோட்டது ஊர். அவளோடு சேர்ந்து ஆடிய பபூனுக்கு அந்த எடை பாதிகூட இல்லை. ‘விளையாட்டுதானே’ என்று ஆண் சொல்வதும், அதே விளையாட்டுக்குப் பெண் விலை கொடுப்பதும் மேடையிலிருந்து பாய்வரை மாறாமல் வந்திருக்கிறது. அன்றைக்கு அவள் எழுந்து போனதற்குக் காரணம் கதையில் நடந்தது மட்டுமில்லை. ‘நாளைக்கு இது கூடலூர் வரைக்கும் ஜோக்கா போகும்க்கா’ என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

வேடம் கலைந்த பிறகும்

எமிலி கேர் பாஸ் 2007இல் இன்னொரு சொல்லைக் கொடுத்தார். பாத்திரத்தின் உணர்ச்சி ஆடுகிறவருக்குள்ளும், ஆடுகிறவரின் உணர்ச்சி பாத்திரத்துக்குள்ளும் கசிவது. ‘பிளீட்’ என்பார்கள். நமக்கு இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் 1926இல் இலங்கையில் சேர்ந்து மேடையேறினார்கள். வேலனும் வள்ளியுமாகப் பாடியவர்கள் மறு ஆண்டு நிஜத்திலும் இணைந்தார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது. பிரிவும் மனத்தாங்கலும் வந்தன. 1933 டிசம்பரில் 28 வயதுகூட நிறையாமல் அவர் காலமானார். அதன்பின் அந்த அம்மா வாழ்நாள் முழுக்க வெள்ளைப் புடவைதான் உடுத்தினார். காதல் வேடத்தை விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றியும் நாடக உலகில் ஒரு கதை சொல்வார்கள். அவர் எமனாக வேடம் கட்டி வந்ததைக் கண்டு மிரண்ட ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துபோனதாம். யாருக்கும் தீங்கு நினைத்து அவர் ஆடவில்லை. இருந்தும் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, வேடம் கட்டுவதையே விட்டு ஆசிரியராக மாறினாராம். நோக்கம் நல்லதா கெட்டதா என்று அவர் வாதாடவில்லை. எதிரே இருந்தவளுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் பார்த்தார்.

பெயர் சொல்லாத ஒழுக்கம்

லோயர் கேம்ப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் வண்ணாத்திப்பாறை மலை. உச்சியில் கண்ணகி கோயில். சித்திரா பௌர்ணமிக்குப் பளியன்குடியிலிருந்து ஆறரை கிலோமீட்டருக்கு மேல் காட்டுவழியில் ஏறிப்போகிற கூட்டத்தில் நானும் இரண்டு முறை நடந்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தில் அந்தக் கண்ணகி மதுரையில் ஆயர்குல மாதரி வீட்டில் இருந்தபோது நடந்த ஆய்ச்சியர் குரவையை நினைத்துக்கொள்வேன். கெட்ட சகுனங்களைக் கண்ட மாதரி, ஏழு பெண்களை நிறுத்தி ஏழு சுரங்களின் பெயரைக் கொடுக்கிறாள். ஒருத்தியை மாயவனாக, ஒருத்தியைப் பலராமனாக, ஒருத்தியை நப்பின்னையாக ஆக்குகிறாள். மாயவன்–பின்னை காதலைப் பெண்களே வேடமேற்று ஆடுகிறார்கள். யார் எந்தப் பாத்திரம் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே மாதரி எல்லோர் முன்னும் சொல்லிவிடுகிறாள்.

அதற்கும் முந்தியது அகப்பாட்டு. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய், பரத்தை என்று வரையறுத்த பாத்திரங்கள். இன்ன சூழலில் இன்னார் கூற்று என்று துறை. ஐங்குறுநூற்றின் 500 பாடல்களில் குறிஞ்சி நூறையும் பாடிய கபிலர், ஆணாக இருந்துகொண்டு தலைவியாகவும் தோழியாகவும் பேசுகிறார். காமத்தைப் பாட அவர்கள் கூசவில்லை. ஆனால் தொல்காப்பியம் ஒரு கோடு போட்டது. அகத்திணையில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது. காதல் பாட்டில் வருகிறவள் எந்த ஊர்ப் பெண் என்று யாரும் கைநீட்ட முடியாது. அலர் தூற்றும் ஊரை நன்றாக அறிந்தவர்கள் போட்ட விதி. உடல் சேர்க்கையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மலையும் சுனையும் தேனும் வரும். அது அவர்கள் போட்ட திரை.

இன்னொன்றும் செய்தார்கள். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று பெயரிட்டு ஓரம் வைத்தார்கள், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்று மறு ஓரம் வைத்தார்கள். இருவர் மனமும் ஒத்த அன்புக்குத்தான் நடுவில் ஐந்திணை. அன்றைக்கு அந்தப் பையன் ஆடியது கைக்கிளை. பதினெட்டு விழுந்ததும் அதைக் குறிஞ்சி என்று நினைத்துக்கொண்டான்.

வேடத்துக்குள் யார்?

பாயில் இல்லாத ஆட்களுக்கும் இதில் பங்குண்டு. குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் மேடையில் ஆபாசம் ஆடுகிறார்கள், எங்கள் பெண்களைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று குறவர் சமூகத்தார் ஆண்டுக்கணக்கில் குமுறினார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்குப் போனது. 2023 மார்ச்சில் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. கலைஞர்களின் பிழைப்பை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் தடை சரி என்றே சொல்வேன். ஒரு சமூகத்துப் பெண்ணை வேடமாக எடுத்து, அவள் என்றால் யாருக்கும் மசிகிறவள் என்று காட்டுவதற்கு அந்தச் சமூகம் சம்மதம் கொடுக்கவில்லை. நம் பிள்ளைகளின் கதையிலும் மலைச்சாதிப் பெண், சாவடிக்காரி, ஆடல்காரி என்று பாத்திரங்கள் வரும். பழங்குடியினர் வாழும் பளியன்குடி மின்வாரியக் குடியிருப்புக்குப் பக்கத்தில்தான். அங்கிருந்து ஒரு பெண் வந்து அந்தப் பாயில் உட்கார்ந்தால் கதையை அப்படியே சொல்ல முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி ஆடுகிறவர்களுக்கு. காதல் கதை வேண்டுமென்றால் தாராளமாக ஆடுங்கள், பகடையை எடுப்பதற்கு முன் கேட்டுவிட்டு ஆடுங்கள். ஒருமுறை சரி என்றவர் அடுத்த வாரம் வேண்டாம் என்றால் அதுதான் கணக்கு. முகம் சுருங்குவதைக் கவனிக்கும் பொறுப்பு கதை நடத்துகிறவருடையது. அன்றைக்கு என் தம்பி அதில் தவறினான், வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நானும் தவறினேன். பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவர் இருந்தாலும் காமம் அந்த மேசைக்கு வரவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஏதாவது நடந்தது என்று தெரிந்தால் முதல் வேலையாகப் பெண்ணை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடாதீர்கள். தப்பு அவளுடையதில்லை.

மூன்று நாள் கழித்து அந்தப் பையன் தானாகவே அவள் வீட்டுக்குப் போனான். அவள் அம்மா முன்னாலேயே, “நான் பண்ணது தப்பு, மன்னிச்சிரு” என்றான். அவள் உடனே சரியென்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உட்காரும் முன் ஒரு தாளை எடுத்து, தனக்கு வேண்டாதது என்று இரண்டு வரி எழுதி நடுவில் வைத்தாள். மற்றவர்களும் ஆளுக்கு ஒன்றிரண்டு எழுதினார்கள். வீரன் வேடக்காரன் எழுதியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா அடிக்கிற மாதிரி காட்சி வேண்டாம் என்று எழுதியிருந்தான். அத்தனை வருடப் பழக்கத்தில் யாருக்கும் தெரியாத விஷயம்.

அந்தத் தாள் இப்போது பகடைப் பெட்டிக்குள் மடித்து இருக்கிறது. புதிதாக யார் ஆட வந்தாலும் முதலில் அதையும் ஒரு பேனாவையும்தான் கையில் கொடுக்கிறார்கள். போன மாதம் நான் போயிருந்தபோது அதில் பதினொரு வரிகள் இருந்தன. வைத்தியச்சி குமுளி மலை ஏறி முடித்துவிட்டாள்.